இனயத்துப் பெட்டியில் எந்த வெர்ஷன்

நாகர்கோவில்
19.01.2025

அன்புத் தம்பி ஆன்றோவுக்கு அக்கா அஜிதா எழுதுவது.

இங்கே நானும் உன் அத்தானும் சுகம். இனயத்தில் அம்மாவுக்கு இருமல் விட்டுவிட்டது. அப்பா வழக்கம்போல விடியுமுன்னே வள்ளம் இறக்கிவிடுகிறார். முழங்கால் எப்படி என்று கேட்டால், ‘அது எனக்க காலு, நான் பாத்துக்கிடுவேன்’ என்கிறார். பெர்கனில் பனி எப்படி? காதை மூடிக்கொண்டு வெளியே போ. சின்ன வயதிலிருந்தே உனக்குக் குளிர் காது வழியாகத்தான் ஏறும்.

மின்னஞ்சலில் வந்தாலும் இதைக் கடிதமாகவே வாசி. நம் கரைச்செய்தி மென்பொருளின் பொதுப் பக்கத்தில் நாம் போடுகிற சண்டையை மன்னாரிலிருந்தும் மணிலாவிலிருந்தும் ஆட்கள் வந்து வேடிக்கை பார்க்கிறார்கள். ‘என் அக்காவுக்குப் பழைய முறைமேல் இருப்பது பாசம்தான், காரணம் எதுவும் இல்லை’ என்று நீ எழுதினாய். அதற்கு மணிலாக்காரர் ஒருவர் கட்டைவிரல் தூக்கியிருக்கிறார். அந்த விரலைப் பார்த்ததும் எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. இனி இந்தப் பேச்சு நமக்குள் இருக்கட்டும். எழுது, ஒரு நாள் வைத்திரு, மறுபடி வாசித்துப் பார், பிறகு அனுப்பு.

நான் சொல்வது இதுதான். ஒக்கிப் புயலுக்குப் பிறகு நாம் இரண்டு பேரும் உட்கார்ந்து எழுதிய மென்பொருள் இது. கோயில் மைக் அறையில் ஒரு சின்னக் கணினிப் பெட்டி, அதற்குள் ஒரு சிம். கடல் எச்சரிக்கை குறுஞ்செய்தியாக வந்தால் கோபுரத்து ஸ்பீக்கரில் நம் கரைத் தமிழிலேயே சொல்லும். எச்சரிக்கை இல்லாத நாளில் வாய் திறக்காது. யாரும் எடுத்து ஓட்டலாம், திருத்தலாம் என்று திறந்து வைத்தோம். அது ஓடுவதற்கு வேண்டிய, பிறர் எழுதிய சின்னச் சின்ன நிரல்களை, அந்தப் பேக்கேஜுகளை எல்லாம், ஒரே ஃபோல்டரில் அடைத்து, பென்டிரைவில் கொண்டுபோய், ஊர் ஊராகக் காப்பி செய்கிறோம். நெட் இருந்தாலும் ஓடும், இல்லாவிட்டாலும் ஓடும். நீயோ பேக்கேஜ் மேனேஜர் என்று ஒன்றை வைத்து, எல்லாவற்றையும் சர்வரிலிருந்து அதுவே இறக்கிக்கொள்ளட்டும் என்கிறாய். இரண்டு தூறல் போட்டால் இனயத்தில் கேபிள் நெட் படுத்துவிடும். புயல் நேரத்தில் பெட்டி கெட்டால் எங்கிருந்து இறக்குவது? ஓடுகிற வள்ளத்தில் பலகையைக் கழற்றாதே என்பேன் நான்.

அப்பா கடலுக்குப் போவது இந்தப் பெட்டியை நம்பித்தான். அதை மனசில் வைத்துக்கொண்டு பதில் எழுது.

உன் அக்கா,
அஜிதா


பெர்கன்
26.01.2025

பிரியமுள்ள அக்காவுக்கு,

நீ சொன்னபடியே என் பதிலை ஒரு நாள் வைத்திருந்தேன். வைத்திருந்ததில் இரண்டு பத்தி காணாமல் போயிற்று. அவை நீ வாசிக்கத் தகுந்தவை அல்ல. நான் நலம். காது மூடியிருக்கிறது. அத்தானைக் கேட்டதாகச் சொல்.

கட்டைவிரலுக்கு மன்னித்துக்கொள். அந்த வரியை அழித்துவிட்டேன். கேள்வியை மட்டும் அழிக்கமாட்டேன். இனயத்துப் பெட்டியில் இப்போது எந்த வெர்ஷன் ஓடுகிறது? சொல் பார்ப்போம். உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. போன வருஷம் ஒரு ஊரில் பெட்டி எச்சரிக்கையை நாள் தப்பிச் சொன்னதே, ஞாபகம் இருக்கிறதா? அந்த ஊர்க்காரர் எங்கிருந்தோ பழைய பேக்கேஜ் ஒன்றை எடுத்து நம் ஃபோல்டருக்குள் போட்டிருந்தார். அதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வாரம் ஆயிற்று. உன் பென்டிரைவ் ஊர் ஊராய் நடந்து எதையெல்லாம் ஒட்டிக்கொண்டு வருகிறது என்று மாதாவுக்குத்தான் வெளிச்சம்.

பேக்கேஜ் மேனேஜர் செய்யப்போவது பெரிய மாயம் ஒன்றும் இல்லை. எந்தப் பேக்கேஜ், எந்த வெர்ஷன் என்று எழுதிப் பூட்டி வைக்கும். உள்ளே ஒரு எழுத்து மாறியிருந்தாலும் ‘இது நம்முடையது இல்லை’ என்று சொல்லி நின்றுவிடும். இன்னொன்றும் உண்டு. மன்னாரில் ஒரு பெண் நமக்கு உதவி செய்ய வந்தாள். நம் ஃபோல்டரைத் தன் கணினியில் ஓட வைக்கவே முடியாமல் போய்விட்டாள். புதிதாக ஆள் வராவிட்டால் நமக்குப் பிறகு இதை யார் பார்ப்பார்கள்?

அப்பாவை மறந்துவிட்டேன் என்று நினைக்காதே. ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணினால், ‘எப்பிடி இருக்க, தின்னியா, அம்மைட்ட குடுக்கேன்’ என்பார். அவ்வளவுதான் அவர் பேச்சு. அதற்காக வாரம் முழுக்க இருக்கிறேன்.

உன் தம்பி,
ஆன்றோ


நாகர்கோவில்
16.02.2025

தம்பிக்கு,

உன் கடிதம் வந்து இத்தனை நாள் பதில் எழுதவில்லை. எல்லாருக்கும் சுகம்தான், எனக்குத்தான் கோபம். மாதாவை எதற்கு இழுத்தாய்? பென்டிரைவை ஊர் ஊராகக் கொண்டு நடந்தது நான். வெயிலில் பஸ் ஏறி இறங்கினது நான். நீ அங்கே இருந்துகொண்டு, ‘எதை ஒட்டிக்கொண்டு வருகிறது’ என்கிறாய்.

சரி, கோபம் இருக்கட்டும். போன ஞாயிறு இனயம் போனேன். மைக் செட் ஜெபதாஸ் அண்ணனிடம் உன் திட்டத்தைச் சொன்னேன். மனிதர் கேட்டுவிட்டு, ‘ஏட்டி அஜிதா, ஓடிக்கிட்டு கெடக்க சாதனத்த என்னத்துக்கு நோண்டணும்? ஒனக்க தம்பிக்கு அங்க வேற சோலி ஒண்ணும் இல்லியா?’ என்றார். நான் சிரித்துவிட்டேன். சிரித்த பிறகு, இனயத்துப் பெட்டியில் எந்த வெர்ஷன் என்ற உன் கேள்வி திரும்பவும் வந்து நின்றது. பெட்டியைத் திறந்து பார்த்தேன். ஃபோல்டர் இருக்கிறது, உள்ளே இருப்பது எந்தக் காலத்தது என்று எனக்கே சொல்ல முடியவில்லை. உன்னிடம் தோற்றேன் என்று எழுதமாட்டேன், பார்த்ததைச் சொல்கிறேன்.

செய். ஆனால் இரண்டு சொல் கேள். கரையில் ஒருத்தரும் கடலுக்குப் போகாத நாளாகப் பார்த்துச் செய். சரியாக வராவிட்டால் மறுபேச்சு இல்லாமல் பழையதுக்குத் திரும்பிவிட வேண்டும்.

அப்பா ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டே அலைகிறார் என்று அம்மா சொன்னாள். நான் சொன்னதாக அவரிடம் சொல்லிவிடாதே.

அக்கா,
அஜிதா


பெர்கன்
09.03.2025

என் அக்காவுக்கு,

நோன்பு தொடங்கியிருக்கும். மீன் இல்லாமல் அம்மா எப்படி இருக்கிறாள்? இங்கே நான் மீனை விட்டிருக்கிறேன். ஊரே மீன் தின்கிற ஊரில் அது லேசான காரியம் இல்லை.

உன் கோபம் நியாயம். வெயிலையும் பஸ்ஸையும் நான் கணக்கில் எடுத்திருக்க வேண்டும்.

நாள் பார்த்துவிட்டேன். பெரிய வெள்ளிக்கிழமை. பெரிய வியாழன் மாலையிலிருந்து ஈஸ்டர் வரை நம் கரையில் ஒரு வள்ளமும் இறங்காது. வெள்ளி மதியம் எல்லாப் பெட்டிகளுக்கும் நான் இங்கிருந்தே கட்டளை அனுப்புவேன். நெட் வழியாக அவையே புது முறைக்கு மாறிக்கொள்ளும். சனிக்கிழமை முழுக்கச் சரிபார்க்க நேரம் இருக்கிறது. மணிலாக்காரர் வேறு ஏதோ தேதி சொன்னார். இதையெல்லாம் நம் ஊரில் பிறந்தவன்தான் யோசிக்க முடியும் என்று அவரிடம் பெருமையாக எழுதினேன்.

சம்மதம் என்றால் ஒரு வரி போடு.

தம்பி,
ஆன்றோ


நாகர்கோவில்
13.04.2025, குருத்தோலை ஞாயிறு

அன்புள்ள ஆன்றோ,

சம்மதம் என்று அன்றைக்கே ஒரு வரி போட்டேன், முழுக் கடிதம் இப்போதுதான் எழுத முடிகிறது. எனக்குப் பரீட்சைத் தாள் திருத்துகிற வேலை. உனக்கு உடம்பு எப்படி? நோன்பு முடியட்டும், அம்மா உனக்கு நெய்மீன் கருவாடு அனுப்ப ஆள் தேடிக்கொண்டிருக்கிறாள்.

நாள் நல்ல நாள்தான். எனக்கும் வேறு தோன்றவில்லை. இருந்தாலும் மனசு கேட்காமல் இன்று இனயம் போயிருந்தேன். குளச்சல் பெட்டியைப் பார்த்துக்கொள்கிற சுஜி டீச்சர் பென்டிரைவைத் திருப்பிக் கொடுத்திருந்தார். அதிலிருந்து இனயத்துப் பெட்டிக்குப் புதிதாக ஒரு காப்பி போட்டேன். வெள்ளிக்கிழமை நீ மாற்றுகிறபோது மாறட்டும், அதுவரை நல்லதாக ஒன்று கிடக்கட்டும் என்றுதான். பூசை நேரம், அதனால் ஸ்பீக்கரில் பேச வைத்துப் பார்க்க முடியவில்லை. திரையில் எல்லாம் பச்சை காட்டியது.

குருத்தோலையோடு அப்பா மைக் அறைக்கு வந்து எட்டிப் பார்த்தார். பக்கத்தில் நின்ற ஆளிடம், ‘எனக்க பிள்ளைய ரெண்டும் செஞ்சது. இது பேசினா நான் போகமாட்டேன். இது பேசல்லன்னா போவேன்’ என்றார். எனக்குப் பெருமையாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

ஈஸ்டர் வாழ்த்து இப்போதே சொல்லிவிடுகிறேன்.

அக்கா,
அஜிதா


நாகர்கோவில்
24.04.2025

ஆன்றோ,

போனில் அம்மா அழுத அழுகையில் உனக்கு ஒன்றும் புரிந்திருக்காது. நான் எழுதுகிறேன்.

திங்கள் மத்தியானம் கள்ளக்கடல் எச்சரிக்கை வந்தது. காற்று இல்லாமல், மழை இல்லாமல் அலை மட்டும் ஏறி வருகிற அந்தக் கடல். குளச்சலில் பெட்டி சொன்னது. மற்ற ஊர்களிலும் சொன்னது. வள்ளங்களை எல்லாம் மேலே ஏற்றிவிட்டார்கள். இனயத்தில் பெட்டி வாய் திறக்கவில்லை. யாரோ ஒருத்தர் தன் போனில் வந்த செய்தியை அப்பாவிடம் காட்டியிருக்கிறார். ‘போன்ல ஆயிரம் வரும். பெட்டி பேசட்டும், பாப்போம்’ என்று அப்பா வீட்டுக்குப் போய்விட்டார்.

செவ்வாய் காலை கடல் ஏறியது. அப்பாவின் வள்ளத்தை அலை எடுத்துக் கற்சுவரில் அடித்தது. பிடிக்க ஓடியிருக்கிறார். வள்ளத்துக்கும் கல்லுக்கும் நடுவில் வலதுகால் மாட்டிக்கொண்டது. இரண்டு இடத்தில் முறிவு. இங்கே நாகர்கோவிலில் ஆஸ்பத்திரியில் காலுக்குள் பிளேட் வைத்திருக்கிறார்கள். உயிருக்கு ஒன்றும் இல்லை. வள்ளம் போய்விட்டது.

ஓடுகிற வள்ளத்தில் பலகையைக் கழற்றாதே என்று முதல் கடிதத்திலேயே எழுதினேன். நீ கழற்றி நாலு நாள்கூட ஆகவில்லை. வேறு எழுத என் கைக்கு வரவில்லை.

அஜிதா


பெர்கன்
27.04.2025

அக்கா,

அப்பாவுக்கு வலி எப்படி இருக்கிறது? மருத்துவர் சொன்னதை எல்லாம் எழுது.

ஜெபதாஸ் அண்ணனோடு பேசினேன். அவரைப் பெட்டியைத் திறக்கச் சொல்லிப் பார்த்தேன். பிழை என்னுடையது. அவசரப்பட்டு மாற்றினேன். பொதுப் பக்கத்திலும் அப்படியே எழுதிவிட்டேன். எல்லாப் பெட்டிகளுக்கும் பழைய முறையை, முதலிலிருந்து சுத்தமாக எடுத்த காப்பியாக, நானே திருப்பி அனுப்பிவிட்டேன். நீ சொன்ன நிபந்தனை அதுதானே.

அப்பாவோடு ஒரு நிமிஷம் பேசவேண்டும். போனை அவர் காதில் வை.

ஆன்றோ


நாகர்கோவில்
15.06.2025

ஆன்றோவுக்கு,

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல் அப்பா எங்கள் வீட்டில்தான் இருக்கிறார். அம்மாவும் இங்கேயே. புண் ஆறிவிட்டது. வாக்கரைப் பிடித்து முற்றம் வரை நடக்கிறார். இந்த வருஷம் கடல் இல்லை என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அதைக் கேட்ட அன்று சோறு தின்னவில்லை, மறுநாள் தின்றார்.

இத்தனை ஞாயிறும் நீ போன் பண்ணினாய். நீ கேட்கவில்லை என்றாலும் நான் சொல்லிவிடுகிறேன். உன் பெயர் திரையில் வந்ததும் போனை அம்மா கையில் கொடுத்துவிட்டு வாக்கரைத் தள்ளிக்கொண்டு வெளியே போய்விடுகிறார். தூங்குகிறார் என்று அம்மா உன்னிடம் சொல்வது பொய். நேற்று நான், ‘அப்பா, அவன் வேணும்னா செய்தான்?’ என்று கேட்டேன். ‘வேணும்னு செய்யல்ல. அவன் சொல்லித்தான் நான் அந்தப் பெட்டிய நம்பினேன். இப்போ என்னத்த பேச?’ என்றார்.

பொதுப் பக்கத்தில் எல்லாரும் பழைய முறையே சரி என்று எழுதுகிறார்கள். மணிலாக்காரர்கூட என் பக்கம் வந்துவிட்டார். ஜெயித்தது மாதிரியே இல்லை. உன்மேல் இருந்த கோபம் எப்போது போனது என்றும் தெரியவில்லை. முன்மாதிரி எதிர்த்து ஏதாவது எழுதேன்.

அக்கா,
அஜிதா


பெர்கன்
06.07.2025

அக்காவுக்கு,

நலம். இங்கே கோடை என்று பெயர், மழை பெய்கிறது. அப்பா முற்றம் வரை நடப்பதாக நீ எழுதியதைப் பலமுறை வாசித்தேன்.

எதிர்த்து எழுத என்னிடம் ஒன்றும் இல்லை. கரைச்செய்தியில் என் பொறுப்பை விட்டுவிடலாம் என்றிருக்கிறேன். நீ பார்த்துக்கொள்வாய்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்தப் பழைய பென்டிரைவை இனி எந்த ஊருக்கும் கொண்டுபோகாதே. தூக்கிப் போட்டுவிடு. புதிதாக ஒன்று வாங்கி, சர்வரிலிருந்து சுத்தமான காப்பி எடுத்துக்கொள். காரணம் ஒன்றும் இல்லை, பழசாகிவிட்டது, அவ்வளவுதான்.

அம்மாவிடம், தூங்குகிறார் என்றே சொல்லச் சொல். எனக்கு அது போதும்.

தம்பி,
ஆன்றோ


நாகர்கோவில்
10.08.2025

ஏலே ஆன்றோ,

எல்லாரும் சுகம். உன் சுகத்தைக் கேட்கமாட்டேன், நீ உள்ளதைச் சொல்கிற ஆள் இல்லை என்று தெரிந்துவிட்டது.

நீ தூக்கிப் போடச் சொன்ன பென்டிரைவைத் தூக்கிப் போடவில்லை. பக்கத்துத் துறைக் கோயிலில் போன வாரம் ஒரு புதுப் பெட்டி வைத்தோம். கைப்பையில் அதுதான் கிடந்தது, அதிலிருந்தே காப்பி போட்டேன். திரையில் எல்லாம் பச்சை. இந்த முறை ஸ்பீக்கரில் பேச வைத்துப் பார்த்தேன். சத்தம் இல்லை. வயரை மாற்றினேன், ஸ்பீக்கரை மாற்றினேன், ஒன்றும் வரவில்லை. ஒவ்வொரு பேக்கேஜாகத் திறந்துகொண்டு போனேன். சத்தம் போடுகிற பேக்கேஜ் குளச்சல் கோயிலின் புது ஆம்ப்ளிஃபயரைப் பெயர் சொல்லித் தேடுகிறது. சுஜி டீச்சர் தன் ஊருக்காக மாற்றியது, பென்டிரைவிலேயே தங்கிவிட்டது. அது குளச்சலில் பேசும். வேறு எந்த ஊரிலும் பேசாது. குருத்தோலை ஞாயிறு அன்று நான் இனயத்துப் பெட்டியில் போட்டது இதைத்தான்.

அப்படியென்றால் வெள்ளிக்கிழமை நீ மாற்றியபோது இனயம் மாறவில்லையா? நேரே ஜெபதாஸ் அண்ணனிடம் போனேன். முதலில் மழுப்பினார். பிறகு சொன்னார்: ‘பெரிய வியாழன் பூசையில மணி அடிச்சு ஓஞ்சா, பிறகு ஈஸ்டர் ராத்திரிக்குத்தானே மணியும் மைக்கும். ரெண்டு நாளும் மரக்கட்டைய தட்டித்தான் ஆள விளிப்போம். எப்பவும் போல நான் மெயின் சுவிச்ச ஆஃப் பண்ணிப் போட்டேன். ஒனக்க பெட்டியும் அதோட அணஞ்சுதான் கெடந்தது. நானும் பெட்டிய நெனைக்கல்ல.’ உன் கட்டளை வந்த நேரம் பெட்டிக்குக் கரண்ட் இல்லை. பழையபடியே, என் காப்பியோடு, நின்றுவிட்டது. நாள் பார்த்தாயே, வள்ளம் இறங்காத நாள் என்று. வள்ளம் இறங்காத நாளில் கோபுரமும் பேசாது என்று உனக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. மற்ற ஊர்களில் இப்போது அவ்வளவு கண்டிப்பு இல்லை, அங்கே பெட்டிகள் மாறிவிட்டன. நம் ஊர்தான் மாறவில்லை.

கடைசியாக அண்ணன் சொன்னதுதான் என்னை உட்கார வைத்துவிட்டது. ‘ஏப்ரல்லயே ஆன்றோ இதெல்லாம் கேட்டு அறிஞ்சாச்சு. அஜிதாட்ட சொல்லாண்டாம், அவதான் அப்பாவுக்கு மருந்து வச்சுக் கட்டுகா, அவளுக்குத் தெரியாண்டாம்னு சொன்னான்.’

உன்னை என்ன செய்வது என்று தெரியவில்லை. அப்பா உன்னோடு பேசாமல் இருந்த ஒவ்வொரு ஞாயிறும் நான் பக்கத்தில்தான் நின்றேன். உன் நல்ல மனசு எனக்குப் புரிகிறது. ஆனால் இதையும் கேள். என்னைக் காப்பாற்றுகிறேன் என்று எல்லா ஊரையும் அந்த ஃபோல்டரோடு விட்டுவிட்டாய். பக்கத்துத் துறையில் நான் பேச வைத்துப் பார்க்காமல் வந்திருந்தால், அடுத்த கள்ளக்கடலுக்கு வேறு யாரோ ஒருத்தருடைய அப்பா. இதைப் பாசம் என்று சொல்லாதே, நான் ஒத்துக்கொள்ளமாட்டேன்.

பொதுப் பக்கத்தில் நடந்ததை நடந்தபடி என் பெயரில் எழுதிவிட்டேன். நேற்று அப்பாவிடமும் சொல்லிவிட்டேன். தண்ணீர் கேட்டார், கொடுத்தேன்.

புது முறையை நானே எழுதி அனுப்பியிருக்கிறேன். பேக்கேஜ் மேனேஜர் உன்னுடையது, பூட்டும் உன்னுடையது. ஆனால் எல்லாப் பேக்கேஜும் பென்டிரைவிலும் இருக்கும். நெட் இல்லாத ஊரில் அதிலிருந்து எடுக்கும், பூட்டோடு ஒப்பிடும், ஒரு எழுத்து மாறியிருந்தால் நின்றுவிடும். கடைசியில் ஸ்பீக்கரில் ஒரு வார்த்தை பேசிக் காட்டி, கேட்டேன் என்று ஆள் அழுத்தினால்தான் பச்சை. இரண்டு பேர் ஒப்புதல் வேண்டும் என்பது நாம் வைத்த விதி. என்னுடையது விழுந்துவிட்டது, உன்னுடையதுதான் பாக்கி. பொறுப்பை விடுகிற கதையெல்லாம் அதற்குப் பிறகு பேசலாம்.

அக்கா,
அஜிதா


பெர்கன்
12.08.2025

அக்கா,

அப்பாவிடம் ஏன் சொன்னாய்? நீ தினமும் அவர் முகத்தில் விழிக்கிறவள். நான் தூரத்தில் இருக்கிறவன், எனக்கு இழக்க இருந்தது ஞாயிற்றுக்கிழமை ஒரு நிமிஷம். அதை விட்டால் போகிறது என்று கணக்குப் போட்டேன். நாள் பார்த்த பிழையும், சனிக்கிழமை இனயத்திலிருந்து பதில் வராததை நெட் போயிருக்கும் என்று விட்ட பிழையும் என்னுடையவைதானே, மீதியையும் சேர்த்து எடுத்துக்கொண்டேன். அந்த ஒரு நிமிஷம் எவ்வளவு பெரியது என்று பிறகுதான் தெரிந்தது.

மற்ற ஊர்களைப் பற்றி எழுதினாயே. நீ சொன்னது சரி. பென்டிரைவைத் தூக்கிப் போடச் சொன்னால் போதும் என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன்.

உன் புது முறையை வாசித்தேன். நன்றாக இருக்கிறது. ஒப்புதல் பொத்தான்மேல் கை வைத்துவிட்டு எடுத்துவிட்டேன். அப்பா உன்னிடம் என்ன சொன்னார் என்று தெரியாமல் என்னால் முடியாது. எழுது.

ஆன்றோ


இனயம்
15.08.2025

எலே ஆன்றோ,

அப்பன் சொல்லுகேன், அஜிதா எழுதுகா. ஒரு எழுத்து மாத்தப்பிடாதுன்னு சொல்லியிருக்கேன். இஞ்ச எல்லாருக்கும் சொகம். இண்ணு மாதாவுக்க திருநாளு. பூசைக்கு வரணும்னு சொல்லி ஊருக்குக் கொண்டுவந்தாச்சு. கம்பு ஊணி கோயிலு வர நடந்தேன். காலு கொள்ளாம், நோவு இல்ல.

ஒனக்க அக்கா வந்து எல்லாம் சொன்னா. சொல்லிட்டு நின்னு அழுதா. எனக்கு ஒண்ணும் பேச வரல்ல, தண்ணி கேட்டேன். கோபம்னு நெனச்சிருக்கா. கோபம் இல்ல. மருந்து வச்சுக் கட்டி நாலு மாசமா என்னப் பாத்தவகிட்ட என்ன கோபம். வள்ளம் போனா வேற வள்ளம் வரும்.

பெரிய வெள்ளிக்கு மைக்கு கெடையாதுன்னு ஒனக்கும் நெனப்பு இல்ல, அவளுக்கும் நெனப்பு இல்ல. அதக் கேட்டு ஒனக்க அம்மை சிரிச்சா. சிரிச்சிட்டு அவளும் அழுதா.

பெட்டி பேசல்லன்னு நான் ஒங்கிட்ட பேசல்ல. ஞாயித்துக்கெழம ஒனக்க போன் வந்தா அம்மைட்ட குடுத்துட்டு வெளிய போவேன். தூரமா ஒண்ணும் போகல்ல. சன்னலுக்கு அந்தப் பக்கம் நின்னு, நீ என்ன சொல்லுகன்னு கேட்டுக்கிட்டுதான் நின்னேன். போன வாரம் ஒனக்கு இருமலு இருந்தது. காத மூடிக்கிட்டு போ.

ஒப்புதல்னு ஏதோ ஒண்ணு ஒங்கிட்ட கேட்டு வச்சிருக்காளாம். வச்சுக்கிட்டு இருக்காத. குடுத்துரு.

ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சு வீட்டுலதான் இருப்பேன். விளி. நான் எடுப்பேன்.

அப்பன்,
ஏசுஅடிமை